மாற்றாயுத இலக்கணம்

பாயிரம்

பாயிரம் இல்லாததை நூலென்று ஒப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆகவே இதற்கும் ஒன்று. நூற்பெயர், மேலே கண்டது. நுதலிய பொருள், சண்டையை நிறுத்திக்கொண்ட இரு தரப்பாரும் பழைய ஆயுதத்துக்குப் பதில் வேறு ஆயுதம் கொண்டுவருவதும், அந்நிய நாட்டார் அருகில் நின்று அதை எண்ணுவதும். வழங்கும் எல்லை, வடக்கே யாலூ ஆறு, தெற்கே மீகாங் முகத்துவாரம். புறனடையில் மட்டும் இமயமலை. கேட்போர், அடுத்த போர்நிறுத்த ஒப்பந்தத்தை எழுதப்போகும் அதிகாரிகள். பயன் கடைசியில் சொல்லப்படும். முதலிலேயே சொல்லிவிட்டால் அதிகாரிகள் மேலே படிக்கமாட்டார்கள்.

முதல்நூல் 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தான கொரியப் போர்நிறுத்த உடன்படிக்கை; அதில் 13ஆம் பத்தியின் நான்காம் உட்பிரிவு. வழிநூல்கள் இரண்டு: வியட்நாமுக்கான 1954 ஜெனீவா உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, 1973 ஜனவரி 27 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே வாக்கியத்தை மூன்று பேர் பார்த்து எழுதியிருப்பது தெரியும். அவ்வாக்கியத்தின் சாரத்தைச் சூத்திரமாக்கினால் இப்படி வரும்:

அழிந்தன உடைந்தன தேய்ந்தன தீர்ந்தன
இவற்றுக்கு ஈடாய் எண்ணும் வகையும்
மாறாது கொணர்தல் மாற்றெனப் படுமே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், போர் நின்ற நாளில் இருந்த படைபலத்தை அப்படியே உறையவைக்கும் ஆசையை உணர்த்துதல் நுதலிற்று. ஆயுதமே வரக்கூடாது என்று ஒரேயடியாகத் தடுத்திருக்கலாமே என்பார்க்கு விடை: துப்பாக்கி துருப்பிடிக்கும், பயிற்சியில் தோட்டா தீரும், லாரிக்கும் டாங்கிக்கும் வயதாகும். யாருடைய இரும்பு முதலில் தேய்கிறதோ அவருக்கு முதலில் பயம் வரும். பயந்தவர் முந்திக்கொண்டு சுடுவார். ஆகவே தேய்ந்ததற்குப் பதில் ஒன்று கொண்டுவரலாம், ஒன்று மட்டுமே, அதுவும் அதே வகையில். கூட்டக்கூடாது, மாற்றலாம். ஆட்களுக்கும் இதே நியாயம்: கொரியாவில் ஒரு தரப்பு மாதத்துக்கு 35,000 பேர் வரை உள்ளே கொண்டுவரலாம், அவர்கள் வெளியே போகிறவர்களுக்குப் பதிலாள்களாக இருந்தால்.

காகிதத்தில் இதில் ஓட்டை இல்லை. ஆயுதங்கள் காகிதம் படிக்காததால் இலக்கணம் தேவையாயிற்று.

இயல் 1: ஆயுதவியல்

முறையே உதிரி முந்தல் உயர்தல்
பெயர்தல் புறவழி வாராமை என்றாங்கு
எழுவகைத் தென்ப இயல்புணர்ந் தோரே.

முறைமாற்று. உடைந்த ஒன்றுக்கு அதே போன்ற ஒன்று, அறிவித்து, துறைமுகத்தில் இறக்கி, எண்ணப்பட்டு வருவது. கொரிய விதிப்படி, வரும் ஒவ்வொரு சரக்குக்கும் அறிக்கை தரவேண்டும். எதற்குப் பதிலாக வருகிறதோ அந்தப் பழைய பொருள் என்ன ஆயிற்று என்பதும் அதில் இருக்கவேண்டும். பூசான் துறைமுகத்தில் ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா நாட்டு அதிகாரிகள் கூட்டாக நின்று மொய் நோட்டு எழுதுவதுபோல் வரவைக் குறித்தார்கள். விதிக்கு இலக்கியமாய் அமைந்த வகை இது ஒன்றே. மற்ற ஆறும் விதி பிறந்த பிறகு விதியைப் பார்த்துப் பிறந்தவை.

உதிரிமாற்று. முழு ஆயுதமாக வராமல் பாகம் பாகமாக வருவது. இதன் மேல் எழுந்த வினா பெரிது: பீரங்கியின் குழல் பீரங்கியா? விமான இயந்திரம் விமானமா? தெற்கே வந்த உதிரிப் பாகங்களையும் கணக்கில் எழுதவேண்டும் என்று போலந்து, செக் அதிகாரிகள் வாதிட்டார்கள். வடக்கே கதை வேறு. போர் நின்றபோது வட கொரிய விமானத்தளங்களில் போர் விமானம் அரிது. அவை யாலூ ஆற்றுக்கு அப்பால் மஞ்சூரியாவில் நின்றன. 1953 செப்டம்பர் 21 அன்று மிக்-15 விமானத்தோடு கிம்போ தளத்தில் வந்திறங்கிய வட கொரிய விமானி நோ கும் சொக், போர் நின்றபின் விமானங்கள் பிரிக்கப்பட்டுப் பெட்டிகளில் ஆறு கடந்து வந்ததைச் சொன்னார். ஆக, ஒரு பக்கம் பாகங்களை முழுப்பொருளாக எண்ணச் சொல்லி வழக்கு. மறுபக்கம் முழுப்பொருளைப் பாகங்களாக்கி எண்ணாமலே கொண்டுவரும் பழக்கம்.

முந்தல்மாற்று. உடைவதற்கு முன்பே வந்துவிடும் மாற்று. இதன் தூய இலக்கியம் 1972 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அமெரிக்கா தென் வியட்நாமுக்கு நடத்திய ‘என்ஹான்ஸ் பிளஸ்’ என்ற அவசரக் கப்பலேற்றம். ஒப்பந்தம் கையெழுத்தான பின் ஒன்றுக்கு ஒன்றுதான் என்றால், கையெழுத்துக்கு முன்னால் அந்த ‘ஒன்று’ எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதே அதன் தர்க்கம். அமெரிக்கக் கையிருப்பு போதாமல் தென் கொரியா, தைவான், ஈரான் ஆகிய நாடுகளிடமிருந்து எஃப்-5ஏ போர் விமானங்களையும் வாங்கிக் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் தென் வியட்நாமுடையது உலகின் நான்காவது பெரிய விமானப்படை என்று அப்போது பேசப்பட்டது; ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஆள் போதாமல் ஒரு பகுதி நின்ற இடத்திலேயே நின்றது. அதனால் என்ன, எண்ணுவதற்கு அது ஓடவேண்டும் என்ற விதி இல்லை.

உயர்தல்மாற்று. பழையதைவிட மேலான மாற்று. ‘அதே வகை’ என்ற நிபந்தனை எழுதிய அன்றே காலாவதியாகத் தொடங்குகிறது. ஏனெனில் ஆயுதத் தொழிற்சாலை எதுவும் ஐந்து ஆண்டுக்கு முந்தைய ரகத்தை ஒப்பந்தத்தின் மேல் உள்ள மரியாதைக்காகத் தயாரித்துக்கொண்டிருப்பதில்லை. தேய்ந்த விமானத்துக்கு அதே விமானம் சந்தையில் இல்லை என்றால் ஒன்று விதி தேயவேண்டும், இல்லை படை தேயவேண்டும். கொரியாவில் விதியே தேய்ந்தது. 1957 ஜூன் 21 அன்று ஐ.நா. படைத் தலைமை, வடக்கு மீறிவிட்டதால் இந்த உட்பிரிவு இனித் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. அடுத்த ஜனவரியில் அணுகுண்டு வீசும் 280 மில்லிமீட்டர் பீரங்கியும் ‘ஆனெஸ்ட் ஜான்’ ராக்கெட்டும் தெற்கே வந்து சேர்ந்தன. எந்தத் தேய்ந்த பொருளுக்கு ஈடாக அணுப் பீரங்கி வந்தது என்பதை உரையாசிரியர் எவ்வளவோ தேடியும் காணவில்லை. வியட்நாமில் இதே வகை மென்மையாக நிகழ்ந்தது: 1974இல் எஃப்-5ஏ-க்கு மாற்றாக எஃப்-5ஈ. எழுத்து நான்கு தள்ளிப் போயிற்று. விமானம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

பெயர்தல்மாற்று. பொருள் நகராது, உரிமைச்சீட்டு மட்டும் பெயரும். பாரிஸ் ஒப்பந்தம் தென் வியட்நாமிலுள்ள அமெரிக்கத் தளங்களை அறுபது நாளில் கலைக்கச் சொன்னது. கையெழுத்து நாளில் கலைப்பதற்கு அமெரிக்கத் தளம் ஒன்றும் இல்லை; உரிமை முன்கூட்டியே சைகோன் அரசுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தது. இதன் கிளைவகை, பெயர் ஒன்று சொல்லித் தொழில் வேறு செய்வது. 1956இல் 350 அமெரிக்க ராணுவத்தார் ‘தற்காலிக உபகரண மீட்புக் குழு’ என்ற பெயரில் தென் வியட்நாம் வந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து உபரிச் சாமான்களை மீட்பது சொன்ன வேலை. உள்ளூர்ப் படைக்குப் பயிற்சி தருவது செய்த வேலை. தற்காலிகம் நான்கு ஆண்டு நீண்டது.

புறவழிமாற்று. எண்ணும் இடத்துக்கே வராதது. ஹோ சி மின் பாதை இதற்கு இலக்கியம். வடக்கிலிருந்து லாவோஸ், கம்போடியா வழியாகத் தெற்கே வந்த ஆயுதங்கள் எதற்கும் மாற்றாக அறிவிக்கப்படவில்லை. அவை அங்கே இருப்பதாகவே ஒப்புக்கொள்ளப்படாததால், அவற்றுக்கு அழிவும் தேய்வும் சட்டப்படி இல்லை. 1973க்குப் பிறகு பாதை சாலையாயிற்று. கூடவே எரிபொருள் குழாயும் இறங்கி லோக் நின் வரை வந்தது. லாவோஸ் வழியைப் பயன்படுத்தக்கூடாது என்று அதே பாரிஸ் ஒப்பந்தம் சொன்னது. லாவோஸில் நின்று பார்க்கும் அதிகாரம் மட்டும் கண்காணிப்பாளருக்குத் தரப்படவில்லை.

வாராமாற்று. உரிமை உண்டு, பொருள் வராது. விதிப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று கேட்கலாம் என்று சைகோன் நம்பியிருந்தது. வாஷிங்டனில் காங்கிரஸ் 1975 நிதியாண்டுக்கு 70 கோடி டாலரோடு கையை மூடியது. எழுவகையில் முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்டது இதுவும் முறைமாற்றுமே. போரின் முடிவை மாற்றியதில் இதற்குப் பங்கு உண்டு. முறைமாற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இயல் 2: வாயிலியல்

வாயில் வழிவரின் எண்ணுப, வாயில்
அல்வழி வந்தவை வந்தன அல்ல;
வழிவந்தும் எண்ணா வாயிலும் உளவே.

ஒரு நாட்டின் எல்லை முழுதும் ஆள் நிறுத்த முடியாது. ஆகவே ஆயுதம் வரக்கூடிய வாயில்கள் இவை என்று பட்டியலிடுவது வழக்கம். கொரியாவில் வடக்கே ஐந்து: சினுய்ஜு, சோங்ஜின், ஹுங்னாம், மான்போ, சினான்ஜு. தெற்கே ஐந்து: இன்சொன், தேகு, பூசான், கங்னுங், குன்சான். வாயிலுக்கு ஒன்றாகப் பத்துக் குழு, அழைத்த இடத்துக்கு ஓட இன்னும் பத்து. ஜெனீவா வியட்நாமுக்குப் பதினான்கு வாயில் தந்தது, வடக்கே ஏழு, தெற்கே ஏழு. பாரிஸ் இன்னும் சிக்கனம்: தென் வியட்நாமில் மோதிய இரு தரப்பும் தலைக்கு மூன்று வாயில்களைத் தாமே குறிக்கலாம்.

வாயிலைக் குறிப்பது ஒரு பண்டமாற்று. எங்கே எண்ணப்படும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்போதே, எங்கே எண்ணப்படாது என்பதும் இருவருக்கும் எழுத்தில் கிடைத்துவிடுகிறது. தெற்கு கடல் வழியாக உதவி பெற்றது. அதன் துறைமுகங்கள் ஊரறிந்தவை, அங்கே கப்பலை ஒளிக்க இயலாது. வடக்குக்கோ நீண்ட நில எல்லை. ரயிலுக்கும் மாட்டுவண்டிக்கும் வழி ஆயிரம். ஆகவே சமமான எண்ணிக்கையில் வாயில் வைத்தால் கண்காணிப்பு சமமாகிவிடும் என்பது கணக்கு. அது சமமாகாது என்பது நிலம்.

மூன்றாம் அடிக்கு இலக்கியம் சைகோன். பதினான்கு வாயில்களில் அது ஒன்று. 1961 டிசம்பர் 11 அன்று ‘கோர்’ என்ற அமெரிக்கக் கப்பல் முப்பத்துமூன்று ஹெலிகாப்டர்களை மேல்தளத்தில் சுமந்துகொண்டு சைகோன் ஆற்றில் ஏறிவந்து நகரின் நடுவே நின்றது. அப்போது ஆற்றோர ஓட்டல் ஒன்றில் அமர்ந்திருந்த பத்திரிகையாளர் ஸ்டான்லி கார்னோ, பக்கத்திலிருந்த அமெரிக்கச் செய்தித்துறை அதிகாரியிடம் கப்பலைக் காட்டியபோது அவர் எதையும் காணவில்லை என்று சொன்னதாகப் பின்னாளில் எழுதினார். விமானம் சுமக்கும் கப்பல் ஒன்றைக் காணாதிருக்கக் கண்பார்வை கெட்டிருக்கவேண்டியதில்லை. பதவி இருந்தால் போதும்.

வாயிலில் நின்றவர்களைப் பற்றி ஒன்று மட்டும் கேலி இல்லாமல் சொல்லவேண்டும். 1973 ஏப்ரல் 7 அன்று லாவோ பாவோ என்ற எல்லைப்புற வாயிலை நோக்கிப் பறந்த, பாரிஸ் ஒப்பந்தப்படி அமைந்த கண்காணிப்பு ஆணையத்தின் ஹெலிகாப்டர் சுட்டுவீழ்த்தப்பட்டு ஒன்பது பேர் இறந்தார்கள். எண்ணப் போனவர்கள் அவர்கள். எண்ண வேண்டாம் என்று நினைத்தவர்களிடம் ஏவுகணை இருந்தது.

இயல் 3: காண்போரியல்

போரில் படைவிடா நாடே நடுநாடு;
சார்பின்மை வேண்டுதல் சட்டத்து இன்றே.

கொரிய உடன்படிக்கை நடுநிலை நாட்டை வரையறுத்த அழகு இலக்கண ஆசிரியர்கள் கற்கத்தக்கது: கொரியச் சண்டையில் தன் போர்ப்படை கலந்துகொள்ளாத நாடு நடுநிலை நாடு. மனம் எங்கே இருந்தது என்பது ஆராயப்படாது. இவ்வரையறையை நம்பிக் கம்யூனிஸ்ட் தரப்பு சோவியத் யூனியனையே நடுநிலை நாடாக முன்மொழிந்தது. மறுதரப்பு மூச்சுத் திணறி மறுத்தது. கடைசியில் ஆளுக்கு இரண்டு நாடு என்று உடன்பட்டார்கள். காண்போர் நால்வகைப்படுவர்.

சார்பினர், தம்மை அமர்த்தியவர் பக்கம் பார்ப்பவர். போலந்து 1953, 1954, 1973 மூன்று ஆணையங்களிலும் இடம்பெற்றது; காண்பதை ஒரு தேசியத் தொழிலாகவே நடத்தியது என்று சொல்லலாம். இவர்கள் தங்கியிருந்த இடத்து மக்கள் இவர்களை விரும்பவில்லை. 1955 ஆகஸ்டில் தென் கொரியாவில் போலந்து, செக் நாட்டவரை விரட்டக் கோரிப் பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தபோது, அவர்களுக்குக் காவல் நின்றது அமெரிக்கச் சிப்பாய்கள்.

நடுவர், இரு பக்கமும் குறை காண்பவர். எனவே இரு பக்கமும் வசை பெறுபவர். ஜெனீவா ஆணையத்தின் தலைமை இந்தியாவுக்கு வந்தது. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். 1955-56இல் வியட்நாமில் அத்தலைமையில் இருந்தவர் நம்மூர்க்காரர்: ‘தி இந்து’வில் பணியாற்றியவரும் கோபாலசாமி ஐயங்காரின் மகனுமான ஜி. பார்த்தசாரதி. அவர் காலத்திலேயே பிரெஞ்சுப் படை வெளியேறியது. ஜெனீவாவில் கையெழுத்திட்டது பிரெஞ்சுத் தரப்பு. சைகோன் அரசு கையெழுத்திடவே இல்லை. கையெழுத்துப் போட்டவர் ஊரைவிட்டுப் போய்விட, போடாதவரிடம் விதியைக் காட்டிக் கணக்குக் கேட்பது எப்படி என்பது எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் கற்பிக்கப்படும் கலை அல்ல.

கடன்கொடுத்த காண்போர், இயல் 1இல் ஆயுதம் தந்து இயல் 3இல் ஆயுதம் எண்ண வருபவர். 1972இல் எஃப்-5ஏ விமானங்களைத் தந்த ஈரான், 1973 ஆகஸ்டில் கனடாவின் இடத்தில் கண்காணிப்பு ஆணையத்தின் உறுப்பினர் ஆயிற்று. தான் தந்ததைத் தானே அடையாளம் காண்பது எளிது என்ற வகையில் இதைத் தகுதியாகவும் கொள்ளலாம்.

விலகினர், கண்டதைச் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் பெட்டி கட்டுபவர். பாரிஸ் ஆணையத்துக்குக் கனடா, ஹங்கேரி, இந்தோனேசியா, போலந்து ஆகிய நான்கும் 290 பேர் வீதம் மொத்தம் 1,160 பேரை அனுப்பின. ஜெனீவா ஆணையத்தில் பதினெட்டு ஆண்டு அடிபட்ட கனடா, இம்முறை நடப்பதை வெளியே சொல்லிக்கொண்டே வேலை செய்வோம் என்ற கொள்கையோடு வந்து, 1973 ஜூலை 31 அன்று வெளியேறியது.

இயல் 4: அறிக்கையியல்

நால்வரும் ஒருசொல் நவில்வது அறிக்கை;
இருவர் இருவராய்ப் பிரியின் இரண்டாம்;
எடுப்பார் இல்லாது கிடப்பதும் அதுவே.

பாரிஸ் ஆணையத்தில் அறிக்கைக்கு நால்வரின் ஒருமித்த சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் அவரவர் கருத்தை அவரவர் சொல்லலாம், அது ஆணையத்தின் அறிக்கை ஆகாது. கொரியாவில் நான்கு பேரைச் சம எண்ணிக்கையில் பிரித்து அமர்த்தியதால், இரண்டுக்கு இரண்டு என்பது விவாதத்தின் முடிவாக அன்றித் தொடக்கமாகவே இருந்தது. வடக்கில் குற்றம் என்று இருவர் எழுதினால், இல்லை என்று இருவர் எழுதுவர். தெற்கில் ஆள் மாறும், எண் மாறாது.

வியட்நாமுக்கான ஜெனீவாவின் மூவர் ஆணையத்தில் இரண்டுக்கு ஒன்று சாத்தியம். 1962 ஜூனில் வந்த சிறப்பறிக்கை அப்படிப்பட்டது. இந்தியாவும் கனடாவும் ஒப்ப, போலந்து மறுக்க, வடக்கு ஆட்களையும் ஆயுதங்களையும் தெற்கே அனுப்பியது என்றும், தெற்கு அமெரிக்க ராணுவ உதவியை வரம்பு மீறிப் பெற்றது என்றும் ஒரே அறிக்கை சொன்னது. இருவரும் மீறினர் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆவணம் அரிது. விளைவு: ஒவ்வொரு தரப்பும் எதிராளியைப் பற்றிய பத்திகளை மேற்கோள் காட்டியது. ஆணையம் எதிர்பார்த்த வாசகர், முழுதும் படிப்பவர், அன்று யாரும் இல்லை.

மூன்றாம் அடி கொரியாவுக்கு உரியது. 1956 ஜூனில் துறைமுகங்களிலிருந்து குழுக்கள் விலக்கப்பட்டன. அடுத்த ஆண்டு எண்ணும் விதியும் போயிற்று. ஆனால் ஆணையம் போகவில்லை. செக் குழு 1993இலும் போலந்துக் குழு 1995இலும் வடக்கால் வெளியேற்றப்பட்டன; ஸ்வீடனும் ஸ்விட்சர்லாந்தும் இன்றும் பன்முன்ஜோமில் வாரந்தோறும் கூடி, வடக்குக்கான அறிக்கையை அதற்குரிய பெட்டியில் வைக்கின்றன. 1995 முதல் அதை யாரும் எடுத்துச் செல்வதில்லை. எண்ணுவதற்காகப் பிறந்து, எண்ணுவது நின்றபின் அறுபது ஆண்டுக்கு மேல் வாழும் ஓர் அமைப்பை நகைப்பது எளிது. ஆனால் அந்த எல்லையில் இரு தரப்பையும் சாராத கண்கள் அவை மட்டுமே என்பதால் உரையாசிரியர் நகையை அளவோடு நிறுத்துகிறார்.

புறனடை

உள்வருவது எண்ணல் அரிதே, உள்ளது
பூட்டி எண்ணல் எளிதே, பூட்டினோன்
திறக்க விரும்பாக் காலை யான.

இது நேபாளத்தை நோக்கிற்று. பத்தாண்டு உள்நாட்டுப் போருக்குப்பின் 2006 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மாவோயிஸ்ட்கள் தம் ஆயுதங்களைக் கன்டெய்னர்களில் வைத்துப் பூட்டினார்கள். நேபாள ராணுவமும் சம எண்ணிக்கையில் தன்னுடையதைப் பூட்டியது. ஐ.நா. குழு பதிவுசெய்த மாவோயிஸ்ட் ஆயுதங்கள் 3,475. விந்தை என்னவெனில், பூட்டின் சாவி பூட்டியவரிடமே இருந்தது. ஐ.நா.விடம் இருந்தவை கேமராவும் விளக்கும் சைரனும் ஆயுதம் ஏந்தாத சில கண்காணிப்பாளர்களும். திறக்க நினைத்தால் திறந்திருக்கலாம். சத்தம் மட்டும் கேட்டிருக்கும். மாவோயிஸ்ட்கள் 2008 தேர்தலில் அதிக இடம் பெற்றார்கள். 2012இல் அந்தக் கன்டெய்னர்கள் ராணுவத்தின் பொறுப்புக்குப் போயின.

கொரியாவும் வியட்நாமும் வரவை எண்ணின. நேபாளம் இருப்பை எண்ணியது. வரவுக்குப் பின்னால் வாஷிங்டன், மாஸ்கோ, பீஜிங் என்று முடியாத கிடங்குகள் இருந்தன. நேபாளக் கன்டெய்னருக்குப் பின்னால் வரப்போகும் தேர்தல் இருந்தது.

பயன்

இனிப் பயன். எண்ணும் விதி 1957இல் கொரியாவில் இறந்தது. அங்கே போர்நிறுத்தம் இன்றும் நிற்கிறது. பாரிஸ் விதி 1975 ஏப்ரல் 30 வரை சட்டப்படி உயிரோடு இருந்தது; போர்நிறுத்தம் தொடங்கிய வாரமே செத்திருந்தது. ஆகவே ஆயுத எண்ணிக்கை சமாதானத்தைக் காக்கும் என்பது தவறு. அது சமாதானத்தைக் கெடுக்கும் என்பதும் தவறு.

பின் எதற்கு அது? 1957இல் ஐ.நா. படைத் தலைமை தன் முடிவை ரகசியமாக வைத்திருக்க முடியவில்லை. பன்முன்ஜோம் மேசைக்கு வந்து, எதிரே இருந்த வட கொரிய, சீன அதிகாரிகளிடம் இன்ன நாள் முதல் இந்த விதி எம்மைக் கட்டாது, காரணம் இது என்று சொல்லவேண்டியிருந்தது. மீறல் நடந்தது, ஆனால் அதற்கு ஒரு தேதியும் ஒரு காரணமும் பதிலுக்கு ஒரு மறுப்பும் பதிவாயின. எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று ஊகித்துப் பயப்பட வேண்டிய இடத்தில், தெரிந்து கோபப்படும் இடம் கிடைத்தது. தெரிந்த கோபத்தோடு அறுபது எழுபது ஆண்டு வாழலாம் என்பதைக் கொரியா காட்டுகிறது. வியட்நாமிலோ வந்த ஆயுதம் வரவில்லை என்றும், நின்ற கப்பல் நிற்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாரும் எதையும் முறிப்பதாக அறிவிக்காமலே எல்லாம் முறிந்தது.

அடுத்த ஒப்பந்தத்தை எழுதுவோர் எத்தனை வாயில், எத்தனை குழு, எத்தனை நாடு என்று விடியவிடியப் பேசுவார்கள். பேசட்டும், பட்டியல் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை. ஆனால் அதற்கு முன்பாக ஒரு பிரிவை எழுதிவிடுவது நல்லது: எண்ணுவதற்கு உட்பட மறுக்கும் தரப்பு, மறுக்கும் நாளன்று, எதிர்த்தரப்பின் முன்னால் உட்கார்ந்து அதைத் தன் வாயால் சொல்லவேண்டும். ஆயுதத்தை மாற்ற ஆயிரம் வழி இருக்கிறது. அப்படிச் சொல்வதைத் தட்டிக்கழிக்க வழி வைக்காமல் இருப்பதே வரைவாளரின் திறமை.